தோற்ற சண்டையின் வீடியோவில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: "எனக்கு வயது 20. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். 60 கிலோ பிரிவில் பாக்ஸிங் செய்கிறேன். எங்களுக்கு ரிங் கிடையாது. பள்ளி மைதானத்தில் வேப்பமரத்தில் பேக் கட்டித்தான் பயிற்சி. போன மாதம் மாநில அளவிலான ஒரு போட்டியில் வடசென்னைப் பையன் ஒருவனிடம் 2-3 என்று தோற்றேன். அவன் இடக்கைக்காரன். நான்தான் ஜெயித்தேன், ஜட்ஜுகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று கூட வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அண்ணன் போனில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். கோபம்தான் வருகிறது, வேறொன்றும் புரியவில்லை. சண்டைக்குப் பிறகு இரண்டு நாள் தலைவலி இருந்தது. இந்த வீடியோவை எப்படிப் பார்த்தால் ஏதாவது கற்றுக்கொள்ளலாம்?" வீடியோவையும் ஸ்கோர் தாளின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

தம்பி, வீடியோவுக்கு முன்னால் தலைவலியைப் பேசிவிடுவோம். மயங்கி விழுந்தால்தான் தலைக்குள் அடி என்று நம் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது. அது தப்பு. நினைவு தப்பாமலேயே மூளையதிர்ச்சி வரலாம். குத்து வாங்கிய பிறகு இரண்டு நாள் தலை வலித்தது என்றால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. இப்போதும் வெளிச்சம் கண்ணைக் கூசினாலோ, குமட்டினாலோ, தூக்கம் மாறிப்போயிருந்தாலோ, படித்தது மனதில் நிற்காவிட்டாலோ நாளைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் (கூட்டாளியோடு போடும் பயிற்சிச் சண்டை) வேண்டாம். தலையில் பட்ட குத்தால் ரெஃப்ரி சண்டையை நிறுத்தினால், குறைந்தது 30 நாள் போட்டியும் ஸ்பாரிங்கும் கூடாது என்பது அமெச்சூர் குத்துச்சண்டையின் மருத்துவ விதி. உங்கள் சண்டையை யாரும் நிறுத்தவில்லை, அதனால் அந்தத் தடை உங்கள் மேல் விழவில்லை. ஆனால் தலைவலி வந்தவர் அதைத் தானாகவே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் காலுக்கு வேலை கொடுக்கலாமா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

அடுத்தது ஸ்கோர் தாள். வீடியோவைப் பலமுறை பார்த்த நீங்கள் இந்தத் தாளை ஒருமுறைகூட நிதானமாகக் கூட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஐந்து ஜட்ஜ். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. முதல் ரவுண்டை ஐந்து பேரும் அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதை ஐந்து பேரும் உங்களுக்கு. மூன்றாவதை நான்கு பேர் உங்களுக்கு, ஒருவர் அவனுக்கு. அப்படியே கூட்டினால் நான்கு ஜட்ஜிடம் 29-28 என்று நீங்கள் முன்னால், ஒருவரிடம் 28-29. 4-1 என்று உங்கள் கை உயர்ந்திருக்க வேண்டிய சண்டை இது.

மூன்றாவது ரவுண்டில் பிடித்ததற்காக ரெஃப்ரி உங்களுக்கு ஒரு வார்னிங் கொடுத்தார். வார்னிங் என்றால் ஐந்து தாளிலும் ஒவ்வொரு புள்ளி போய்விடும். 29-28 என்று இருந்த நான்கும் 28-28 ஆனது. அமெச்சூரில் டிரா கிடையாது. கூட்டுத்தொகை சமமானால் இவர்தான் ஜெயித்தார் என்று ஒருவரை ஜட்ஜ் தேர்ந்தே ஆகவேண்டும். நால்வரில் இருவர் உங்களைத் தேர்ந்தார்கள், இருவர் அவனை. ஐந்தாவது தாள் 27-29. ஆக 2-3. உங்களோடு வந்தவர்கள் நீங்கள் நன்றாகச் சண்டை போட்டீர்கள் என்று சொல்வது உண்மை. ஜட்ஜுகள் ஏமாற்றினார்கள் என்பதற்கு இந்தத் தாளில் எதுவும் இல்லை.

தீர்ப்பு கோணலாகப் போன சண்டைகள் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் ஜூனியர், தென்கொரியாவின் பார்க் சி-ஹுனை மூன்று ரவுண்டும் வெளுத்து வாங்கிவிட்டு 2-3 என்று தோற்றார். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகுதான் 1992 பார்சிலோனாவில் கணினி ஸ்கோர் வந்தது. ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் ஒரே நொடிக்குள் பட்டனை அழுத்தினால்தான் ஒரு குத்துக்குப் புள்ளி. அதிலும் குறை கண்டு, 2013-ல் 10 புள்ளி முறையைக் கொண்டுவந்தார்கள். 2023-ல் பார்க் அந்தத் தங்கப் பதக்கத்தை ஜோன்ஸிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். உங்கள் சண்டை அந்தக் கணக்கில் சேராது. சேர்ந்தாலும்கூட ஜட்ஜின் பார்வையை நீங்கள் பயிற்சி செய்து மாற்ற முடியாது. மாற்றக்கூடியது உங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறது.

அந்த வார்னிங் எங்கே பிறந்தது என்று தேடுங்கள். வீடியோவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னோக்கிப் போங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரெஃப்ரி "ஸ்டாப்" சொல்கிறபோது உங்கள் இரண்டு கையும் அவன் கைகளுக்கு மேலாகப் போய் அவனைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் முதுகு கயிற்றில். அதற்கும் முன்னால் நீங்கள் ஒரே நேர்கோட்டில் பின்னால் போகிறீர்கள், ஒன்று, இரண்டு, மூன்று எட்டு. அதற்கும் முன்னால் உங்கள் ஜாப், அதாவது முன்கையால் விடும் நேர்க்குத்து, அவன் முகத்துக்கு எட்டாமல் நின்று, திரும்பும்போது தாடைக்கு வராமல் மார்புக்கு இறங்குகிறது. அந்த இடைவெளியில் அவன் இடக்கை நேராக வருகிறது, நீங்கள் பின்வாங்குகிறீர்கள்.

இதே போக்கு இரண்டாவது ரவுண்டில் ஒருமுறை, மூன்றாவதில் அதற்கு முன் ஒருமுறை நடந்திருக்கிறது. இரண்டு தடவையும் ரெஃப்ரி காஷன் (புள்ளி போகாத எச்சரிக்கை) கொடுத்திருக்கிறார். ஆக, பிடித்தது உங்கள் கையின் தப்பு மட்டுமில்லை. போக இடமில்லாத ஆள் பிடிக்கத்தான் செய்வான். இடமில்லாத இடத்துக்கு உங்களைக் கொண்டுபோனது உங்கள் கால்.

அந்தக் கால் அப்படிப் பழகியதற்குக் காரணம் அந்த வேப்பமரத்தடி. திறந்த மைதானத்தில் ஸ்பாரிங் செய்கிறபோது பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், ஒன்றும் முதுகில் முட்டாது. நேராகப் பின்வாங்கினால் அடி விழவில்லை என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. ரிங்கில் கயிற்றுக்குள் இருப்பது 6.10 மீட்டர், ஏறத்தாழ 20 அடி. நடுவை எதிராளி பிடித்துக்கொண்டால் உங்களுக்குப் பின்னால் மிஞ்சுவது ஆறேழு அடிதான். மூன்று நான்கு எட்டில் கயிறு வந்துவிடும். வடசென்னையில் குத்துச்சண்டை பல தலைமுறையாக இருக்கிறது. அங்கே வளர்கிற பையனுக்கு விதவிதமான ஆட்களோடு ஸ்பாரிங் கிடைக்கும், கயிறு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். நம் ஊரில் நோம்பி வந்தால் கபடிக்கு ஆடுகளம் போட ஊரே திரளும், ரிங் போட ஆள் தேட வேண்டும். அதற்காக ரிங் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மைதானத்தில் 20 அடிக்கு 20 அடி சதுரம் அளந்து சுண்ணாம்புக் கோடு போடுங்கள். நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பு நட்டு, கம்பைச் சுற்றிப் பழைய டயர் டியூபும் சாக்கும் கட்டி, இடுப்பு உயரத்தில் ஒன்றும் மார்பு உயரத்தில் ஒன்றுமாக நைலான் கயிறு இழுத்துக் கட்டுங்கள். இந்தக் கயிறு சாய்ந்துகொள்வதற்கு இல்லை, முதுகில் பட்டால் உணர்வதற்கு. முதலில் ஷேடோ (எதிரே ஆள் இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) மட்டும் அதற்குள் செய்யுங்கள். ஒரே ஒரு விதி: நேராகப் பின்னால் இரண்டு எட்டுக்கு மேல் கூடாது, மூன்றாவது எட்டு பக்கவாட்டில்தான். பிறகு கூட்டாளியை முன்னால் நிறுத்தி, அவர் குத்தாமல் உங்களை நெருக்கிக்கொண்டே வரட்டும், நீங்கள் கயிற்றில் படாமல் மூன்று நிமிடம் தப்பிக்க வேண்டும். சலிப்பான பயிற்சிதான். ஆனால் உங்கள் சண்டைக்கு இதைவிட அவசரமானது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

சிலம்பம் தெரிந்த ஆசான் யாராவது பக்கத்தில் இருந்தால் கொஞ்ச நாள் காலடி மட்டும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். எதிராளியின் நேர்கோட்டிலிருந்து விலகி நிற்பதும், உடல் எடையை ஒரு காலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் திரும்புவதும் அதில் ஆரம்பப் பாடம். கை தூரம் வேறு, கம்பின் வீச்சு வேறு, அதையெல்லாம் கலக்காதீர்கள்.

இனி பார்க்கும் முறை. முதல் தடவை சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, எங்கேயும் நிறுத்தாமல் பாருங்கள். உங்கள் அண்ணன் "விடாதடா, குத்து"ன்னு கத்துகிற இடத்தில் எல்லாம் நீங்கள் குத்திய குத்து பட்டது என்றே உங்களுக்குத் தோன்றும். சத்தமில்லாமல் பார்த்தால் அதில் பாதி அவன் கார்டில், மறைத்து வைத்த கையில், பட்டது தெரியும். கிளவுஸின் கணு பாகம், பெல்ட்டுக்கு மேலே உடம்பின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, அல்லது முகத்தின் முன்னாலும் பக்கத்திலும் தடையில்லாமல் விழுந்தால்தான் ஜட்ஜுக்கு அது குத்து. தோளிலும் கையிலும் பட்டதெல்லாம் சத்தம்தான். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் 10-9 யாருக்கு என்று எழுதிவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போங்கள்.

இரண்டாவது தடவை திரையின் மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்துவிட்டு நான்கு கால்களை மட்டும் பாருங்கள். முகமும் கையும் தெரியாதபோதுதான் யார் யாரை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்பது பிடிபடும். மூன்றாவது தடவை நோட்டுப் புத்தகம். நீங்கள் வாங்கிய ஒவ்வொரு சுத்தமான குத்துக்கும் ஒரு வரி: எந்த ரவுண்டு, எத்தனையாவது நொடி, நான் எங்கே நின்றேன், அதற்கு மூன்று நொடி முன்னால் நான் என்ன செய்தேன். குத்து விழுந்த நொடியை ஸ்லோமோஷனில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை, அந்நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் எழுதிப் பார்த்தபோது, நீங்கள் வாங்கியதில் பாதிக்கு மேல் உங்கள் ஒற்றை ஜாபுக்குப் பதிலாக வந்ததுதான்.

அது ஏன் என்பதற்கு அவன் இடக்கைக்காரன் என்பது பெரிய காரணம். நீங்கள் இடது காலை முன்வைத்து நிற்கிறீர்கள், அவன் வலது காலை. இரண்டு முன்கால்களும் எதிரெதிரே வந்துவிடும். உங்கள் ஜாபின் பாதையில் அவன் முன்கை நின்றுகொண்டே இருக்கும். வலக்கைக்காரனிடம் வேலை செய்கிற ஒற்றை ஜாப் இங்கே அவன் கையில் மோதி நிற்கும். உங்கள் முன்கால் அவன் முன்காலுக்கு வெளிப்புறம், அதாவது உங்கள் இடப்பக்கம், இருந்தால் உங்கள் வலது நேர்க்குத்துக்கு வழி திறக்கும், அவன் இடக்கை உங்களைத் தாண்டிப் போகும். உள்பக்கம் மாட்டினால் அவன் இடக்கைக்கு நேரே நிற்பீர்கள். காலை மட்டும் பார்க்கிற அந்த இரண்டாவது தடவையில் இதைக் கவனியுங்கள். முதல் ரவுண்டு முழுக்க நீங்கள் வலப்பக்கமாகவே சுற்றுகிறீர்கள், அவன் பலமான கையை நோக்கி. இரண்டாவது ரவுண்டில் உங்கள் கோச் ஏதோ சொல்லியிருக்கிறார், இடப்பக்கம் போகத் தொடங்குகிறீர்கள், உடனே சண்டை மாறுகிறது.

இடக்கை ஆள் இல்லாமல் இதைப் பழக முடியாது. உங்கள் கூட்டத்தில் ஒருவரும் இல்லையென்றால் ஈரோடு, கோவைப் பக்கம் பயிற்சி செய்கிறவர்களில் இடக்கைப் பையன் யார் என்று கோச் வழியாக விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்விட்டு வாருங்கள். வலக்கைக் கூட்டாளியை மாறி நிற்கச் சொல்லிச் சமாளிப்பது காலை வைக்கும் இடத்தைப் பழகுவதற்குப் போதும், குத்தின் வேகத்தைப் பழகுவதற்குப் போதாது.

முதல் ரவுண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். முதல் ஒரு நிமிடம் நீங்கள் அவனை அளந்து பார்க்கிறீர்கள். மூன்று நிமிட ரவுண்டு மூன்றே உள்ள சண்டையில் ஒரு நிமிடம் என்பது மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. தொழில்முறைச் சண்டை பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் வருகிறது, அங்கே பன்னிரண்டு ரவுண்டு இருக்கிறது. நமக்கு இல்லை. மேரி கோமுக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததைப் பாருங்கள். 2021 ஜூலை 29, கொலம்பியாவின் இங்ரித் வலென்சியாவோடு சண்டை. முதல் ரவுண்டு 1-4 என்று போனது. அடுத்த இரண்டு ரவுண்டையும் 3-2 என்று மேரி கோம் எடுத்தார். ஆனாலும் முடிவு 2-3, வெளியேறினார். மூன்றில் இரண்டு ரவுண்டு பெரும்பான்மை ஜட்ஜுகளிடம் ஜெயித்தவர் தோற்றார். முதல் ரவுண்டில் நான்கு தாள்களில் பின்தங்கியதுதான் கடைசிவரை கூடவே வந்தது. உலகப் பட்டம் ஆறு முறை வென்றவருக்கே அப்படி. அளந்து பார்ப்பதை வார்ம்அப்பின்போது எதிராளியின் முந்தைய சண்டையைப் பார்த்து முடித்துவிடுங்கள். பெல் அடித்து முதல் பத்து நொடிக்குள் ஒரு காம்பினேஷன் (அடுத்தடுத்துத் தொடராக விடும் குத்துகள்) போய்விட வேண்டும்.

இரண்டாவது ரவுண்டை நீங்கள் சரியாகவே பார்த்திருக்கமாட்டீர்கள். தோற்றவர்கள் நன்றாகச் செய்த ரவுண்டைத் தள்ளிவிட்டுத் தப்பான இடங்களையே ஓட்டுவார்கள். அந்த ரவுண்டில் நீங்கள் வலது கையை முதலில் வயிற்றுக்கு விட்டு, அவன் முழங்கை இறங்கியதும் இடது ஹூக்கை (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) மேலே விட்டிருக்கிறீர்கள், அதுவும் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் குத்தி முடித்ததும் இடப்பக்கம் விலகியிருக்கிறீர்கள். ஐந்து ஜட்ஜும் அந்த ரவுண்டை உங்களுக்குக் கொடுத்தது அதனால்தான். இந்த நொடிகளைத் தனியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், கோச் பிடிக்கும் பேடில் குத்திப் பழகுவதற்கு முன்னால் பார்க்க.

அவனோடு மறுபடியும் மோத வேண்டி வரும், ஒரே எடை, ஒரே மாநிலம். நம் நாட்டு வீராங்கனை லவ்லினா போர்கோஹெய்ன் 2018 உலகப் போட்டியின் அரையிறுதியில் தைவானின் சென் நியன்-சின்னிடம் தோற்றவர். டோக்கியோ காலிறுதியில் அதே சென் எதிரே வந்தார். லவ்லினா 4-1 என்று வென்று பதக்கத்தை உறுதி செய்தார். அதனால் வீடியோவை ஒருமுறை அவன் கோச்சின் இடத்தில் உட்கார்ந்தும் பாருங்கள். இந்தக் கோபிப் பையனை அடுத்த தடவை எப்படி அடிப்பது என்று அவர் என்ன எழுதியிருப்பார்? ஜாப் திரும்பும்போது கை இறங்குகிறது, நெருக்கினால் நேராகப் பின்னால் போகிறான், கயிற்றில் பிடிக்கிறான். மூன்றையும் அவர் பார்த்திருப்பார், சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது ரவுண்டின் கடைசி ஒன்றரை நிமிடம் உங்கள் கை இறங்கியது. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் காலையில் ஓடுகிற பையன்களை எனக்குத் தெரியும், நீங்களும் அப்படி ஓடுகிறவராக இருப்பீர்கள். அந்த நீண்ட ஓட்டம் அடித்தளத்துக்கு நல்லது. ஆனால் ரிங்கில் உடம்பு கேட்பது வேறு: மூன்று நிமிடம் வெடித்து வெடித்து வேலை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடியும். வாரத்தில் இரண்டு நாளாவது ஓட்டத்தையும் பேகையும் அந்தக் கணக்கிலேயே செய்யுங்கள். இன்னொன்றும் பார்த்தேன், நெருக்கடி வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு குத்துகிறீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சு வெளியே போக வேண்டும். எடையைக் குறைக்க மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடியதோ தண்ணீர் குடிக்காமல் இருந்ததோ உண்டென்றால், களைப்புக்கும் தலைவலிக்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் அடுத்த எடைப்பிரிவைப் பற்றிக் கோச்சிடம் பேசுங்கள்.

இவ்வளவையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகாதீர்கள். எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பின்வாங்கும் காலைத்தான் தேர்வேன், ஏனென்றால் கயிறும் பிடியும் வார்னிங்கும் அதிலிருந்துதான் வந்தன. ஜாப் திரும்பும் கையை அதற்கடுத்து எடுங்கள். மற்றவை காத்திருக்கட்டும். உங்கள் நோட்டைக் கோச்சிடம் கொடுத்து, அவர் வேறு வரிசை சொன்னால் அவர் சொல்வதையே செய்யுங்கள். உங்களை நேரில் தினமும் பார்க்கிறவர் அவர்.

கடைசியாக, உங்கள் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வீடியோ ரிங்குக்குக் கீழே நின்று, போனை நெட்டுக்குப் பிடித்து எடுத்தது. பாதி நேரம் கயிறு உங்கள் முகத்தை மறைக்கிறது, அவன் உங்களுக்கு அந்தப் பக்கம் போனால் எதுவுமே தெரியவில்லை. ஜட்ஜுகள் ரிங்கைச் சுற்றி வெவ்வேறு பக்கங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள், நம் போன் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறது. அடுத்த முறை கேலரியில் இரண்டு மூன்று வரிசை மேலே ஏறி, போனைப் படுக்கையாக வைத்து, இரண்டு பேருடைய கால்களும் எப்போதும் படத்துக்குள் இருக்கும்படி எடுக்கச் சொல்லுங்கள். ஜூம் வேண்டாம். இன்னொருவர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் எடுத்தால் மிகவும் நல்லது. ரவுண்டு இடைவெளியிலும் நிறுத்தாமல் ஓடட்டும். கார்னரில் கோச் என்ன சொன்னார், அடுத்த ரவுண்டில் அதை எத்தனை நொடி கழித்துச் செய்யத் தொடங்கினீர்கள் என்பதும் அப்போது கையில் இருக்கும்.